250 ஓம் ஹெட்போனுக்கு 1 வாட் ஆம்ப்ளிஃபயர் தேவைதானா?

சோமனூரில் தறிக்கொட்டகையை ஒட்டிய அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். புதிதாக வாங்கிய பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் வகை, செல்போனிலும் லேப்டாப்பிலும் செருகினால் சத்தம் பத்தவில்லை. கடைக்காரர், "ஒரு வாட்டுக்குக் கொறஞ்சா இதுக்கு ஆவாதுங்க" என்று மேசை ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் காட்டுகிறார். பொறியியல் படித்த மச்சானோ, ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் இம்பீடன்ஸும் (அதற்குள்ளேயே இருக்கும் மின்தடை, சுருக்கமாக உள்தடை) அதே 250 ஓமாக இருந்தால்தான் சக்தி முழுவதும் போய்ச் சேரும் என்கிறார். மாமாவின் பழைய ஸ்டீரியோ ரிசீவர் ஒன்று பெரிய ஹெட்போன் ஜாக்குடன் வீட்டில் சும்மா கிடக்கிறது. பாட்டுக் கேட்பதற்கென்று 16 ஓம் இயர்போன் ஒன்றும் இருக்கிறது. காதுக்கு நான்கு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் எனப்படும் குட்டி ஒலிப்பான்கள் கொண்டது. யார் பேச்சைக் கேட்டு எதில் பணம் போடுவது என்பது அவர் கேள்வி.

எதை வாங்குவது என்று கேட்டிருந்தாலும், இதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. சத்தம் போதுமா என்பது ஒன்று. ஒலியின் சமநிலை, அதாவது பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் உள்ள விகிதம், மாறிவிடுமா என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓம் என்ற அலகே வருவதால் கடைக்காரரும் மச்சானும் ஆளுக்கொரு பக்கமாகக் குழம்பியிருக்கிறார்கள். கோவையில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பதும், சிறிய ரெக்கார்டிங் அறைகளுக்குக் கருவிகள் அமைத்துத் தருவதும் என் தொழில். இந்தக் குழப்பத்தோடு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சத்தம். ஒரு ஹெட்போன் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதை அதன் ஓம் எண் மட்டும் சொல்லிவிடாது. உணர்திறனையும், அதாவது குறிப்பிட்ட சக்திக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஹெட்போனுக்கு அந்த நிறுவனம் தரும் உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 250 ஓமில் 1 மில்லிவாட் கிடைக்க அரை வோல்ட் வேண்டும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் சக்தி என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்த கணக்குதான். ஆகவே அரை வோல்ட்டுக்கு 96 டெசிபல். வோல்ட் இரட்டிப்பானால் சக்தி நான்கு மடங்காகி 6 டெசிபல் கூடும். 1 வோல்ட்டில் 4 மில்லிவாட், 102 டெசிபல்; 2 வோல்ட்டில் 16 மில்லிவாட், 108 டெசிபல். அந்த 2 வோல்ட்டிலும் வாய்ஸ் காயில் என்ற உள்கம்பிச்சுருள் இழுக்கும் மின்னோட்டம் வெறும் 8 மில்லியாம்பியர்தான். 108 டெசிபல் என்பது காதுக்குப் பக்கத்தில் தவிலடிக்கும் உச்சத்துக்குச் சமமான ஒலி. பாட்டு, வசனம் எதையும் யாரும் சராசரியாக அந்த அளவில் வைத்துக் கேட்பதில்லை. இப்போது கடைக்காரரின் 1 வாட்டைப் பாருங்கள். 250 ஓமில் 1 வாட் என்றால் கிட்டத்தட்ட 16 வோல்ட், 126 டெசிபல். அந்த ஹெட்போன் தாங்கும் சக்தி என்று அதன் நிறுவனமே குறித்திருப்பது 100 மில்லிவாட்தான். அதில் பத்து மடங்கை ஏற்றச் சொல்வது ஹெட்போனுக்கும் நல்லதல்ல, காதுக்கு அதைவிட நல்லதல்ல.

கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1 வாட் பெரும்பாலும் 32 ஓமுக்கு உரியது. 32 ஓமில் 1 வாட் தரும் கருவி ஏறத்தாழ 5.7 வோல்ட் தரவல்லது, அதே 5.7 வோல்ட்டை 250 ஓமுக்குக் கொடுத்தால் கிடைப்பது சுமார் 130 மில்லிவாட். எத்தனை ஓமில் என்று எழுதாத வாட் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மேசை மேல் வைக்கிற சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் 2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தக் கருவியானாலும் அதிகபட்ச வோல்ட் எவ்வளவு, அதிகபட்ச மின்னோட்டம் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். வாட்டை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நம் ஊரில் பம்ப்செட் வாங்குகிறவர் யாரும் எச்.பி.யை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுப்பதில்லை. ஹெட் எத்தனை அடி, டிஸ்சார்ஜ் எவ்வளவு என்று இரண்டையும் கேட்பார். எண்ணூறு அடி போர்வெல்லுக்குப் போடுகிற மோட்டாரும், நிரம்பிய கிணற்றிலிருந்து வாய்க்காலுக்கு இறைக்கிற மோட்டாரும் ஒரே எச்.பி.யாக இருக்கலாம், ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் போட்டால் வேலை நடக்காது. வோல்ட்டை ஹெட் என்றும் மின்னோட்டத்தை டிஸ்சார்ஜ் என்றும் வைத்துக்கொண்டால், உங்கள் 250 ஓம் ஹெட்போன் ஆழமான போர்வெல்: உந்தும் அழுத்தம் வேண்டும், தண்ணீர் அதிகம் வேண்டாம். செல்போனில் இருப்பது அழுத்தக் குறை. சக்திக் குறை என்று அதைச் சொல்வதில் தவறில்லை என்றாலும் தீர்வு தேடும்போது அது வழி தவற வைத்துவிடும்.

ஓம் குறைந்தால் ஓட்டுவது எளிது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அது பாதி மட்டுமே உண்மை. ஹைஃபைமேன் ஹெச்இ-6 என்ற பிளானர் வகை (தட்டையான படலத்திலேயே கம்பி பதித்த) ஹெட்போனின் இம்பீடன்ஸ் 50 ஓம்தான். ஆனால் அதன் உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். உங்கள் ஹெட்போன் 16 மில்லிவாட்டில் எட்டும் அதே 108 டெசிபலை அது எட்ட 280 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டும், 3.75 வோல்ட், அதோடு 75 மில்லியாம்பியர். 250 ஓமைவிட 50 ஓம் அங்கே பன்மடங்கு கடினம். எனவே ஓட்டுவதற்கு எளிதா கடினமா என்று ஒரே எண்ணில் தெரிந்துகொள்ள விரும்பினால், 1 வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல் என்ற கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது. மில்லிவாட்டுக்குத் தந்த எண்ணோடு 250 ஓமுக்கு 6, 32 ஓமுக்கு 15, 16 ஓமுக்கு 18 டெசிபல் கூட்டினால் வோல்ட்டுக்கான எண் கிடைத்துவிடும். நிறுவனங்கள் சில மில்லிவாட்டுக்கும் சில வோல்ட்டுக்குமாக எழுதுவதால், மாற்றாமல் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வந்து சேர்வோம். அளக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆகையால் பெட்டி எண்ணில் இரண்டு மூன்று டெசிபல் முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே நான் மேலே கணக்கிட்டிருக்கிறேன்.

அப்படியானால் செல்போனில் ஏன் சத்தம் பத்தவில்லை? பழைய வகை ஹெட்போன் ஜாக்குகளும், யூஎஸ்பி துளையில் செருகி ஹெட்போனை மாட்டும் பல டாங்கிள்களும் அரை வோல்ட் முதல் 1 வோல்ட் வரைதான் தருகின்றன. முழு வால்யூமில் 1 வோல்ட் என்று வையுங்கள். உச்சம் 102 டெசிபல். வெளியான சினிமாப் பாட்டு ஒன்றின் சராசரி அளவு உச்சத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு டெசிபலில் இருக்கும், ஆகவே 90 டெசிபல் வாக்கில் ஒலிக்கும், தாராளம். உங்கள் வேலைக்கு வருவதோ மண்டபத்தில் கேமரா மைக் பிடித்த பச்சை ஒலி. சீர் நடக்கும்போது பாடுகிற மங்கல வாழ்த்து, பத்தடி தள்ளி நின்ற மைக்கில், உச்சத்துக்கு 30 டெசிபல் கீழே பதிவாகியிருக்கும். தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் வெடித்துவிடக் கூடாது என்று கேமராக்காரர் லெவலைத் தாழ்த்தித்தான் வைத்திருப்பார். அது அவர் செய்ய வேண்டிய வேலை. அந்தக் குரல் உங்கள் காதில் 72 டெசிபலுக்கு வரும். அரை வோல்ட் தரும் போனானால் 66. அமைதியான அறையில் 66 டெசிபல் தாழ்ந்த ஒலி அல்ல; எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசுகிற அளவைவிடச் சற்று அதிகமே. ஆனால் டிடி 990 பின்புறம் திறந்த வகை. வெளிச்சத்தம் அதில் தங்கு தடையின்றி உள்ளே வரும். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தால் 66 டெசிபல் குரல் மூழ்கிப் போவதில் வியப்பில்லை.

உங்கள் குறை எவ்வளவு தூரம் வோல்ட்டால் வந்தது, எவ்வளவு தறியால் வந்தது என்பதை இங்கிருந்தபடி என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, நீங்களே கண்டுபிடிக்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில், தறி எல்லாம் நின்றிருக்கும் நேரத்தில், பேட்டரியில் ஓடும் அதே போனில் அதே ஹெட்போனைப் போட்டு, அதே வீடியோவைக் கேளுங்கள். அன்றைக்குப் போதுமானதாக இருந்தால், உங்களுக்குத் தேவை ஆம்ப்ளிஃபயரைவிட மூடிய வகை ஹெட்போன். தறிச் சத்தத்தை வெல்ல வால்யூமை ஏற்றிக்கொண்டே போவது ஆபத்தான வழி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்கிறது. 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம். முகூர்த்த சீசனில் நாளுக்கு எட்டு மணி நேரம் எடிட்டிங் மேசையில் உட்காருகிறவருக்கு 80 டெசிபல் கணக்கே ஐந்து நாளில் தீர்ந்துவிடும். தாழ்ந்த குரலைக் கேட்க வேண்டுமானால், மென்பொருளில் அந்தக் கிளிப்பின் கெயினை 12 டெசிபல் உயர்த்திவிட்டுக் கேட்பது எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் குறைந்ததல்ல. கெட்டிமேளம் வருவதற்கு முன் மறக்காமல் இறக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இனி மச்சானின் வாதம். அவர் சொல்வது அதிகபட்சச் சக்திப் பரிமாற்றத் தேற்றம். முதலாண்டுப் பாடத்தில் எல்லோரும் நிரூபித்து மதிப்பெண் வாங்கியதுதான். தேற்றம் சரி, பொருத்திய இடம் தவறு. மூலத்தின், அதாவது ஆம்ப்ளிஃபயரின், உள்தடையை மாற்ற முடியாது என்று நிலையாக வைத்துக்கொண்டு, அதற்கு எந்தச் சுமையை இணைத்தால் அதிகச் சக்தி கிடைக்கும் என்று கேட்டால், விடை சமமான சுமை. நம்மிடம் நிலையாக இருப்பதோ சுமை, அதாவது கையில் இருக்கும் 250 ஓம் ஹெட்போன். எந்த மூலம் நல்லது என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு விடை, உள்தடை முடிந்தவரை பூஜ்யத்தை ஒட்டி இருக்கட்டும் என்பதுதான். எண்ணில் பார்ப்போம். திறந்த நிலையில் 2 வோல்ட் தரும் மூலத்தின் உள்தடை 250 ஓம் என்றால், பாதி வோல்ட் உள்ளேயே தங்கிவிடும். ஹெட்போனுக்கு 1 வோல்ட், 4 மில்லிவாட். உள்தடை 1 ஓம் என்றால் 2 வோல்ட்டும் ஏறக்குறைய முழுதாகப் போய், கிட்டத்தட்ட 16 மில்லிவாட் கிடைக்கும். பொருத்தம் பார்த்ததில் சக்தி கால் பங்காகிவிட்டது. நீண்ட தொலைபேசிக் கம்பிகளில் 600 ஓமுக்கு 600 ஓம் என்று பொருத்தியதற்கு வேறு காரணங்கள் இருந்தன; மேசைக்கும் காதுக்கும் இடையிலுள்ள மூன்று மீட்டர் கேபிளுக்கு அவை பொருந்தா.

உள்தடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்குச் சக்தியைவிட முக்கியமான காரணம் ஒலியின் சமநிலை. ஹெட்போனின் இம்பீடன்ஸ் ஒரே எண் அல்ல. அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும் கோடு. உங்களுடையது போன்ற டைனமிக் வகையில், டயஃப்ரம் என்ற ஒலிப்படலம் ஒத்ததிரும் இடத்தில், வழக்கமாக 100 ஹெர்ட்ஸ் வாக்கில், அது மேடாக எழும்பும். 250 ஓம் என்று அச்சிட்ட ஒன்று அங்கே 400 ஓமாக ஏறுவதாக வைத்துக்கொள்வோம். இப்போது மாமாவின் ரிசீவரைத் திறந்து பாருங்கள். பழைய ரிசீவர்களில் ஹெட்போனுக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் இருப்பது அரிது. ஸ்பீக்கருக்குப் போகும் அவுட்புட்டிலிருந்தே ஒரு ரெசிஸ்டர் வழியாக ஜாக்குக்கு எடுத்திருப்பார்கள். சேனலுக்கு ஒன்றாக 220 முதல் 470 ஓம் வரையிலான கனத்த ரெசிஸ்டர்கள் ஜாக்குக்குப் பக்கத்திலேயே போர்டில் படுத்திருக்கும். சோம்பேறித்தனமான வடிவமைப்பு என்று அதைச் சொல்லிவிட முடியாது. பின்னைச் செருகும்போது ஒரு கணம் ஷார்ட் ஆனாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் எரியாது. 8 ஓமிலிருந்து 600 ஓம் வரை எதைச் செருகினாலும் ஓரளவு ஒரே சத்தமாகக் கேட்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 61938 தரநிலையே 1990-களில் 120 ஓம் உள்தடையைத்தான் பரிந்துரைத்தது.

அந்த ரெசிஸ்டர் 330 ஓம் என்றால் கணக்கு இப்படி வரும். ஹெட்போன் 250 ஓமாக இருக்கும் அதிர்வெண்களில், வரும் வோல்ட்டில் 43 சதவீதம் ஹெட்போனுக்குக் கிடைக்கும். 400 ஓமாக எழும்பும் 100 ஹெர்ட்ஸ் பகுதியில் 55 சதவீதம். வித்தியாசம் சுமார் 2 டெசிபல். அதாவது தவிலின் தொப்பிப் பக்கமும் பேஸ் கிடாரும் சற்றுத் தூக்கலாகக் கேட்கும். சிலருக்கு அது பிடிக்கும், "வால்வு செட் மாதிரி இருக்கு" என்று பாராட்டக்கூடச் செய்வார்கள். பொழுதுபோக்குக்குக் கேட்பதானால் குற்றமில்லை. ஆனால் நீங்கள் கேட்டு முடிவெடுத்துப் பிறருக்குக் கொடுக்கிற வேலை செய்கிறவர். உங்கள் காதில் பேஸ் 2 டெசிபல் கூடுதலாக விழுந்தால், மிக்ஸில் பேஸை அந்த அளவுக்குக் குறைத்துவிடுவீர்கள்.

உங்கள் 16 ஓம் இயர்போனுக்கு இதே ரிசீவர் பெருங்கேடு. பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர்களைக் கிராஸ்ஓவரோடு (ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் கொடுக்கும் சுற்று) கோத்த இயர்போன்களில் இம்பீடன்ஸ் கோடு தாறுமாறாக ஓடும். ஓரிடத்தில் 40 ஓம், மற்றோரிடத்தில் 6 ஓம் என்று இருப்பது அபூர்வமில்லை. 330 ஓம் வழியாக அதை ஓட்டினால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 15 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் விழுந்துவிடும். பாட்டின் ஒரு பகுதியே காணாமற்போகும். 10 ஓம் உள்தடை கொண்ட சாதாரண ஜாக்கிலேயே ஆறரை டெசிபல் மாறும். 1 ஓமில்தான் அது ஒரு டெசிபல் வாக்கில் அடங்கும். உள்தடை, ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2011-இல் ஓ2 என்ற எளிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை வெளியிட்ட, இன்றுவரை தன் பெயரைச் சொல்லாத பொறியாளர் ஒருவரின் எழுத்துகளால் அது பரவியது. நல்ல கைக்கணக்குதான். ஆனால் இத்தகைய இயர்போனுக்குப் பெட்டியில் போட்ட 16 ஓமை எட்டால் வகுக்காதீர்கள். கோட்டின் அடிமட்டமான 6 ஓமை வகுக்க வேண்டும். அப்போது முக்கால் ஓம் வரும். பிளானர் வகைக்கு இந்த விதியே பெரிதாகத் தேவைப்படாது. அதன் இம்பீடன்ஸ் கோடு ஏறக்குறைய நேராகவே ஓடுவதால், உள்தடை கூடினால் எல்லா அதிர்வெண்ணும் ஒரே அளவில் குறையும். வால்யூமைத் திருகிச் சரிசெய்துவிடலாம்.

இயர்போனில் இன்னொரு சிக்கல் இரைச்சல். 1 மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் தரும் 16 ஓம் இயர்போன், 1 வோல்ட்டுக்கு 128 டெசிபல் தரும். 80 டெசிபலுக்கு அதற்கு வேண்டியது 4 மில்லிவோல்ட்! அதில் 5.7 வோல்ட் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுபோய் மாட்டினால், வால்யூம் திருகியைத் தொட்டதும் கத்தும். அந்த அடிப்பகுதியில் பல திருகிகளில் இடது வலது அளவுகளும் ஒத்துப்போவதில்லை. ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் இருந்தாலும் இந்த இயர்போனில் 28 டெசிபலாகக் கேட்கும்; இரவில் அமைதியான வீட்டில் அது தெரியும். தறி ஓடும்போது தெரியாது என்பது உங்களுக்கு மட்டும் கிடைத்த சலுகை. பெரிய ஆம்ப்ளிஃபயர் எதற்கும் ஆகும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இடது வலதுக்குத் தனித்தனியாக இரண்டிரண்டு கம்பி எடுக்கும் பேலன்ஸ்டு ஜாக் உள்ள கருவியைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதில் வோல்ட் இரட்டிப்பாகும், உள்தடையும் இரட்டிப்பாகும். உங்கள் டிடி 990-இன் கேபிள் மூன்று கம்பி கொண்டது என்பதால் பிரித்துச் சாலிடர் வைக்காமல் அதைப் பயன்படுத்தவும் முடியாது.

இதுவரை சொன்னது எல்லாம் மீட்டரால் அளந்து காட்டக்கூடியது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. இனி வருவது விவாதத்துக்கு உரியது. உள்தடை குறைந்தால் டயஃப்ரம் கட்டுக்குள் நிற்கும், பேஸ் இறுக்கமாகும் என்று டேம்பிங் (அதிர்வை அடக்குதல்) கணக்கைச் சொல்வார்கள். கொள்கையளவில் உண்மை. ஆனால் பல ஹெட்போன்களில் டயஃப்ரத்தை அடக்குவது பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றும் அதன் துளைகளை மூடிய துணியும்தான்; மின்சுற்றின் பங்கு மாடலுக்கு மாடல் வேறுபடும். கேட்கிறவர் இறுக்கம் என்று சொல்வதில் எவ்வளவு மேலே சொன்ன அந்த 2 டெசிபல் பேஸ் குறைவு, எவ்வளவு உண்மையான அடக்கம் என்று காதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அடுத்தது, போதிய வோல்ட்டும் குறைந்த உள்தடையும் குறைந்த இரைச்சலும் கொண்ட இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் வேறுவேறாக ஒலிக்குமா என்பது. சத்தத்தை மீட்டர் வைத்துச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்கச் சொன்னால், பெரும்பாலோர் பிரித்தறியச் சிரமப்படுகிறார்கள் என்பதே நான் கண்டது. அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை நம் மூளை "சத்தம் கூடியிருக்கிறது" என்று சொல்லாமல் "தெளிவாக இருக்கிறது" என்று சொல்லிவிடும். கடையில் மாற்றி மாற்றிக் கேட்கும்போது நடப்பது அதுதான். வித்தியாசம் கேட்கிறது என்று உறுதியாகச் சொல்லும், நான் மதிக்கிற இசைக்கலைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. என் பணத்தை அதில் போடுவதுமில்லை.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: மேசை ஆம்ப்ளிஃபயரை இப்போதைக்கு விடுங்கள். 2 வோல்ட் தருவதாகவும் உள்தடை 1 ஓம் அல்லது அதற்குக் கீழ் என்றும் குறிப்பிட்டு விற்கிற யூஎஸ்பி டாங்கிள் ஒன்றை, திருப்பித் தரும் வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள். ஹெட்போனுக்கு 108 டெசிபல் உச்சம் கிடைக்கும்; நீங்கள் சொன்ன வேலைக்கு அது போதும். இயர்போனுக்கும் அதையே பயன்படுத்தலாம், ஆனால் போனில் வால்யூமைக் கூட்டக் குறைக்கப் பதினைந்து படிகளே இருந்தால் முதல் இரண்டு படிகளிலேயே சத்தம் எட்டிவிடும். கெயினைக் குறைக்கும் பொத்தான் உள்ள டாங்கிளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் செருகும்போது மட்டும் உம்மென்று ஓசை வந்தால் டாங்கிளைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அடங்கினால் கோளாறு அறையின் எர்த்தில் இருக்கிறது.

வாங்கிய பொருள் சொன்னபடி இருக்கிறதா என்று சோதிப்பது கடினமல்ல. காந்திபுரத்தில் எந்த எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையிலும் கால் வாட் 33 ஓம் ரெசிஸ்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பழைய கேபிள் ஒன்றை வெட்டி, ஒரு சேனலின் கம்பியையும் பொதுக் கம்பியையும் வெளியே எடுங்கள். 200 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, எதையும் இணைக்காமல் ஏசி வோல்ட்டை அளந்து, அது அரை வோல்ட் வரும்படி வால்யூமை வையுங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல் 33 ஓமைக் குறுக்கே இணைத்து மறுபடி அளங்கள். 0.500 இருந்தது 0.485 ஆனால், முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்கினால் 1 ஓம். மாமாவின் ரிசீவரில் அதே சோதனையில் 0.045 வாக்கில் விழுந்தால் 330 ஓம். சுமை இல்லாவிட்டால் சில டாங்கிள்கள் விழித்துக்கொள்ளாது. அவற்றுக்கு முதல் அளவின்போது 1000 ஓம் ரெசிஸ்டரை மாட்டி வையுங்கள். மீட்டர் விஷயத்தில் கவனம் தேவை: எலக்ட்ரீஷியன் பையில் இருக்கும் மலிவான மஞ்சள் மீட்டரில் ஏசிக்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்று இரண்டே ரேஞ்ச், அரை வோல்ட்டை அதில் நம்பிப் படிக்க முடியாது. 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ளதோ ஆட்டோ ரேஞ்சோ வேண்டும். சாதாரண மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது என்பதாலும், 50 ஹெர்ட்ஸில் வீட்டு மின்சாரத்தின் ஓசை கலந்துவிடும் என்பதாலும்தான் 200 என்று சொன்னேன். சோதனையின்போது ஹெட்போனை மாட்டியிருக்க வேண்டாம்.

மாமாவின் ரிசீவரை விற்றுவிட வேண்டாம். 250 ஓம் ஹெட்போனில் இரவில் பழைய பாட்டுக் கேட்க அது நன்றாகவே இருக்கும். ஆனால் அது 8 ஓமுக்கு 50 வாட் தரும் வகை என்றால் அவுட்புட்டில் 20 வோல்ட் வரை ஏறும், 330 ஓமைத் தாண்டியும் எட்டரை வோல்ட் ஹெட்போனுக்கு வரும். 5 வோல்ட்டிலேயே 100 மில்லிவாட் வரம்பு முடிந்துவிடுகிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுச் செருகுங்கள், பிறகு மெல்லத் திருப்புங்கள். இயர்போனை அதில் செருகவே வேண்டாம். ரிசீவரின் பின்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணையும், டாங்கிளில் அளந்த இரண்டு வோல்ட் எண்களையும் இங்கேயே எழுதுங்கள். மீதிக் கணக்கைப் போட்டுச் சொல்கிறேன்.